அரிசி கொட்டும் சத்தத்தில்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஒற்றெழுத்து எங்கே வரும், எங்கே வராது என்பதும் எனக்குச் சரியாகத் தெரியாது. தொடக்கப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவன் நான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அச்சுக்குப் போகும் முன் யாராவது பிழை திருத்தினால், நடந்ததை மட்டும் மாற்றாமல் விட்டால் போதும்.

ஃபேரர் பார்க் அருகே ஒரு மளிகைக் கடைக்கு இருபது ஆண்டுகளாக வேன் ஓட்டுகிறேன். கடைக்கு மேலே ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் டீச்சர் அங்கே இருப்பார். ஓய்வு பெற்ற ஆசிரியை, யாழ்ப்பாண வழிக் குடும்பம். கடல் கடந்து வீட்டு வேலைக்கு வந்த இடத்தில் கைப்பேசி பறிக்கப்பட்ட பெண்கள், அடி வாங்கிய பெண்கள், எப்படியோ வெளியே வர முடிந்தவர்கள், அவரைத் தேடி வருவார்கள். அவர்களுக்குச் சமைக்கும் அரிசியை நான்தான் மேலே கொண்டுபோவேன். "இதுக்குப் பேரு அடிமைத்தனம், தம்பி. சங்கிலி இல்லாததால நமக்குத் தெரியல" என்பார் டீச்சர். நான் தலையாட்டிவிட்டு இறங்கிவிடுவேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது.

சுவா சூ காங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு மாதம் ஒருமுறை அரிசி போகும். மூட்டையை வாசலில் வைத்துவிட்டு வருவது எங்கள் கடை வழக்கமில்லை. சமையலறைக்குள் போய் டின்னில் கொட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வருவோம். அங்கே ஒரு பெண் வேலை செய்தாள்; புதுக்கோட்டைப் பக்கம் என்று வீட்டுக்கார மேடம் சொல்லியிருந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். நான் கொட்டும்போது டின்னைப் பிடித்துக்கொள்வாள். பல மாதங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருநாள் அரிசி விழும் சத்தம் எழுந்ததும், குனிந்த தலை நிமிராமல் கேட்டாள்.

"அண்ணே, இந்த வீட்டு நம்பர் என்ன?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னம்மா, இருக்கிற வீட்டு நம்பரே தெரியாதா?"

"வந்து பத்து மாசமாச்சுண்ணே. வெளிய விட்டதில்ல. சன்னல்ல பாத்தா எதிர் புளோக் நம்பர்தான் தெரியுது."

மூட்டை காலியாகிவிட்டது. சத்தம் நின்றதும் அவளும் பேச்சை நிறுத்திவிட்டாள். கூடத்திலிருந்து மேடம், "பாக்கெட் பார்லித் தண்ணி ஒண்ணு எடுத்துக்குங்க, வெயில்ல வந்திருக்கீங்க" என்றார். எப்போதும் போல எடுத்துக்கொண்டேன். எனக்குப் பின்னால் அவர் இரும்புக் கதவைப் பூட்டினார். வீட்டு எண்ணை நான் சொல்லவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இதை ஒரு வேடிக்கை போலத்தான் டீச்சரிடம் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"நாளைக்கு என்கூட வாங்க தம்பி. நீங்க பாத்ததை அதிகாரிகிட்டச் சொல்லி, எழுதிக் கொடுக்கணும்."

"நீங்களே சொல்லிடுங்க டீச்சர். எனக்கு எழுத்தெல்லாம் வராது."

"இருபத்தஞ்சு கிலோ மூட்டையத் தூக்குறீங்க, ஒரு பேனாவத் தூக்க முடியாதா லா?"

அறையிலிருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீச்சர் சிரிக்கவில்லை. "அந்தக் காலத்துல அடிமை வியாபாரத்த ஒழிச்சது மேடையில பேசினவங்க மட்டும் இல்ல. கப்பல்ல வேலை பாத்த சாதாரண ஆளுங்க வந்து, 'நான் பாத்தேன்'னு சாட்சி சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் பேச்சே எடுபட்டுச்சு" என்றார்.

அடுத்த மாதம் போகும்போது நன்றாகப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று நழுவினேன். எழுத்து வராது என்பது பாதிதான் உண்மை. அந்த மேடம் என் மகளின் பரீட்சையைப் பற்றியெல்லாம் விசாரிப்பவர். முதலாளிக்குப் பழைய வாடிக்கை. என்னிடம் அன்பாக இருந்த ஒருவர் இன்னொருத்தியைப் பூட்டி வைப்பார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டீச்சர் என்னிடம் முகவரியை வாங்கித் தாமே புகார் கொடுத்தார். அதிகாரிகள் அந்த வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து அவளிடம் கேட்டிருக்கிறார்கள். மேடம் பக்கத்தில் நிற்கும்போது அந்தப் பெண் என்ன சொல்வாள்? நன்றாக இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். "நேர்ல பாத்தவங்க யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டாங்க, தம்பி" என்றார் டீச்சர். அதற்குமேல் என்னை ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் டின்னைப் பிடித்தது வேறு பெண். "பழைய பிள்ளைய அனுப்பியாச்சு" என்றார் மேடம். எங்கே என்று நான் கேட்கவில்லை. அரிசியைக் கொட்டும்போது, அந்தப் புதுப் பெண் கேட்காமலே புளோக் எண், மாடி, வீட்டு எண், டீச்சரின் தொலைபேசி எண் எல்லாவற்றையும் இரண்டு தடவை சொன்னேன். சில மாதங்கள் கழித்து அவள் டீச்சரிடம் வந்து சேர்ந்தாள். அதை நினைத்து மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. முதல் பெண் ஊர் போய்ச் சேர்ந்தாளா, வேறு வீட்டுக்கு அனுப்பப்பட்டாளா என்று டீச்சர் பல இடங்களில் விசாரித்தார். யாருக்கும் தெரியவில்லை.

கடைசிக் காலத்தில் டீச்சர் பொங்கோலில் மகள் வீட்டில் இருந்தார். பார்க்கப் போயிருந்தேன். குரல் மெலிந்துவிட்டது. "அந்தப் பிள்ளையப் பத்தி எழுதிட்டீங்களா?" என்று கேட்டார்.

"எழுத்து நல்லா இருக்காது டீச்சர்."

"நல்லா இருக்கணும்னு யாரு கேட்டா? அவ வீட்டு ஆளுங்க என்னிக்காவது தேடி வந்தா, நம்மகிட்ட ஒரு தாளாச்சும் இருக்கணும்ல."

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தத் தீபாவளிக்கு முன்பே டீச்சர் போய்விட்டார்.

இப்போது எழுதுகிறேன். சுவா சூ காங்கில் பத்தாவது மாடி வீடு ஒன்றில் ஒரு பெண் வேலை செய்தாள். பத்து மாதம் அவளை வாசலைத் தாண்ட விடவில்லை. நான் பார்த்தேன். அவள் என்னிடம் கேட்டாள், நான் சொல்லவில்லை. டீச்சர் கூப்பிட்டார், நான் போகவில்லை. அவள் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

ஆடி மாதம், மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை.