துலக்காமல் விட்ட வெள்ளிக்காசு

மாவட்டம் பிரிந்த 1989இல் என்னை வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்கு மாற்றினார்கள். கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா, கல்யாணம் ஆகாதவன், சீட்டாடக்கூடத் தெரியாது. அப்படிப்பட்டவன் ஜெர்மனி நாட்டுப் பழைய வெள்ளிக்காசு சேர்க்கத் தொடங்கினால் யாரைக் குற்றம் சொல்வது?

முதல் காசு செங்கம் ரோட்டில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தது. அதில் நாசாவ் என்று ஒரு நாட்டின் பெயர். நூலகத்தில் தேடினால், நம் ஆரணி ஜாகீர் மாதிரி சின்ன ராஜ்யம். தனி ராஜா, தனிக் காசு. பிறகு பக்கத்துப் பெரிய நாடு விழுங்கிவிட்டது. அப்படி எத்தனையோ குட்டி நாடுகள் அந்தக் கால ஜெர்மனியில் இருந்திருக்கின்றன. எனக்கு அவற்றின் மேல் பாசமே வந்துவிட்டது. சென்னைக்குப் போகும்போதெல்லாம் ஒரு வியாபாரியிடம் ஒன்றிரண்டு வாங்கி வருவேன்.

ஆபீசில் ஒருமுறை காட்டினேன்.

"உருக்குனா எவ்ளோ சார் தேறும்?"

அதோடு காட்டுவதை நிறுத்திக்கொண்டேன். பௌர்ணமிக்கு ஊரில் கால் வைக்க இடம் இருக்காது. அன்றுதான் என் வீடு ரொம்பக் காலியாகத் தெரியும்.

பத்து வருடம் போயிருக்கும். அந்தப் பழைய சாமான் கடைக்காரர் சொல்லியனுப்பினார்: ஆசிரமத்துக்கு வந்திருக்கும் ஒரு ஜெர்மன்காரர், அவரும் காசு சேர்ப்பவராம், ஞாயிறு சாயங்காலம் என் காசுகளைப் பார்க்க வருகிறாராம். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டைப் பெருக்கி, பால் வாங்கி வைத்துவிட்டு, பெட்டியைத் திறந்தேன். எல்லாம் கத்தரிக்காய்த் தோல் மாதிரி கறுத்துக் கிடந்தன. விருந்தாளிக்கு இப்படியா காட்டுவது? பூஜை வெள்ளியைத் துலக்குவது போல, விபூதியும் பழைய வேட்டித் துணியுமாக உட்கார்ந்துவிட்டேன். கடைசிக் காசு மிச்சமிருக்கும்போது விபூதி தீர்ந்துவிட்டது. இந்த ஊரில் விபூதி தீர்ந்த ஒரே வீடு என்னுடையதாகத்தான் இருக்கும். அந்த வால்டெக் நாட்டுக் காசை மட்டும் வெட்கப்பட்டு பீரோவில் ஒளித்து வைத்தேன்.

வந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். பெட்டியைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. ஒரு காசை ஓரத்தில் பிடித்துத் தூக்கி, யார் தேய்த்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான்தான் என்றேன், பெருமையாக. அவர் மெதுவாக விளக்கினார். அந்தக் கறுப்பு அழுக்கில்லை, காசின் வயசு. சேர்க்கிறவர்கள் அதைத் தொடவே மாட்டார்கள். இதை எனக்கு யார் சொல்லியிருப்பார்கள்? காபியைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

போய்விடுவாரே என்று பயமாக இருந்தது. இன்னும் ஒன்று இருக்கிறது, ஆனால் துலக்கவில்லை என்று இழுத்தேன். மறுபடி உட்கார்ந்தார்.

வால்டெக் காசை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் அம்மாவின் ஊர் அந்தப் பக்கம்தானாம். காலையில் குதிரை ஏறினால் சாயங்காலத்துக்குள் நாடே முடிந்துவிடுமாம். நான் ஆரணியைப் பற்றிச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டாம் காபி ஆறிப்போய், மூன்றாவதும் போட்டேன். விளக்கு வைத்த பிறகும் பேசிக்கொண்டிருந்தோம். அவ்வளவு சந்தோஷமாக நான் அந்த வீட்டில் இருந்ததே இல்லை.

இன்னும் இரண்டு வாரம் ஊரில் இருப்பதாகச் சொன்னார். வாசலில் நின்று, நாளைக்கும் வாருங்கள் என்றேன். அவர் திறந்திருந்த பெட்டியை ஒருமுறை பார்த்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கி, நன்றி சொல்லிவிட்டுப் போனார். பிறகு வரவில்லை.

ஒரு காசுக்கு ஒரு சாயங்காலம் கிடைத்தது. மீதிச் சாயங்காலங்களை நானே விபூதி போட்டுத் தேய்த்துவிட்டிருந்தேன்.