ராஜபாளையம் வரை ஒரு தூக்கம்

மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது ரயிலைப் பற்றி எனக்கு உறுதியான ஒரு கருத்து இருந்தது. தூக்கம் வருகிறவர்கள் ஸ்லீப்பர் பெட்டியில் ஏறுவார்கள், தூக்கம் வராதவர்கள் ஜெனரல் பெட்டியில் ஏறுவார்கள். எங்கள் குடும்பம் எப்போதும் ஜெனரலில்தான் போனது. ஆகவே எங்கள் வீட்டு ஆட்களுக்கு ரயிலில் தூக்கம் வராது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதில் எனக்கு லேசான பெருமைகூட உண்டு.

அப்போது நாங்கள் குத்துக்கல்வலசையில் குடியிருந்தோம். அம்மா தென்காசியில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். அரசாங்க ஆஸ்பத்திரி வேலைக்கு விடாமல் தேர்வு எழுதிக்கொண்டிருந்தவள் ஒருவழியாகத் தேறிவிட்டாள். சென்னைக்கு நேர்முகத்துக்கு வரச் சொல்லிவிட்டார்கள். ஆனால் குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருந்தது. அருவியில் குளித்துவிட்டு ஊர் திரும்புகிற கூட்டம் ரயிலில் ஒரு படுக்கையைக்கூட மிச்சம் வைக்கவில்லை. அப்பா மத்தியானம் வரைக்கும் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட்டை விட்டு நகரவேயில்லை. அம்மாவுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது, ஏறினாலே வாந்தி. அப்பா சீசனுக்கு வேன் ஓட்டுகிறவர், அவரால் வர முடியாது. கடைசியில் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, துணைக்கு வருவதென்றும், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் என்னையும் கூட்டிப்போவதென்றும், ஜெனரலிலேயே போய்விடுவதென்றும் முடிவானது.

செங்கோட்டையில் புறப்பட்ட ரயில் தென்காசிக்கு வரும்போதே ஜெனரல் பெட்டிகள் பிதுங்கிக்கொண்டிருந்தன. வாசற்படியில் இருந்தவர்கள் இடம் இல்லை என்பதைக் கையை விரித்துக் காட்டினார்கள். அம்மா ஒரு காலைப் படியில் வைத்துவிட்டு, உள்ளேயும் போக முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல் தவித்தாள். மறுநாள் உடுத்துவதற்காக இஸ்திரி போட்டு எடுத்துவந்த புடவை, பையோடு சேர்ந்து யாருடைய முட்டிக்கோ நடுவில் மாட்டிக்கொண்டது. அதைப் பிடுங்கி எடுத்துவிட்டு மாமா கத்தினார்.

"யக்கா, அத விடு. இங்கன வா, இங்கன ஏறு."

மாமா காட்டியது ஸ்லீப்பர் பெட்டி. அம்மா யோசிப்பதற்குள் என்னைத் தூக்கி உள்ளே விட்டுவிட்டார். ரயில் நகர ஆரம்பித்துவிட்டதால் அம்மாவுக்கும் வேறு வழியில்லை.

மாமாவிடம் எதற்கும் ஒரு யோசனை இருக்கும். அன்றைக்கும் இருந்தது. காலியாகக் கிடந்த ஒரு மேல் பெர்த்தில் என்னை ஏற்றிவிட்டுக் காதில் சொன்னார்: "ஏட்டி, தூங்குத மாதிரிப் படுத்துக்கோ. யாரு கூப்பிட்டாலும் முழிச்சிராத, கேட்டியா? தூங்குத பிள்ளய எந்த டிடிஆரும் எழுப்ப மாட்டாரு."

ரயிலில் படுப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. முகத்துக்கு நேரே விட்டம் போல ரயிலின் கூரை. பக்கத்தில் மின்விசிறிக் கூண்டு, அதன்மேல் யாரோ பத்திரமாக வைத்திருந்த ஒரு ஜோடிச் செருப்பு. பெட்டி முழுக்க அருவிக்குப் போய்வந்தவர்களின் எண்ணெய் வாசமும் ஈரத்துண்டு வாசமும் ரம்புட்டான் பழ வாசமும் கலந்து அடித்தன. இவ்வளவு சுகமான இடத்தை விட்டுவிட்டு ஏன் ஜெனரலில் போனோம் என்று யோசித்தபடி கண்ணை மூடிக்கொண்டேன்.

கீழ் பெர்த்தில் சென்னைக்காரப் பெண்மணி ஒருவர் இருந்தார். நல்ல வாட்டசாட்டமான உடம்பு. அம்மா நடைபாதையிலேயே நிற்பதைப் பார்த்து அவருக்குப் புரிந்துவிட்டது. "இது ரிசர்வேஷன் கோச்சுங்க. போன தடவை இப்படித்தான் நாலு பேர் ஏறி என் சீட்லயே உக்காந்துட்டாங்க. காசு குடுத்து புக் பண்ணிட்டு, ராத்திரி பூரா நான் காலை மடக்கிட்டு வந்தேன்" என்றார்.

"நாங்க உக்கார மாட்டோம்மா" என்றாள் அம்மா.

கடையநல்லூர் தாண்டியதும் டிடிஆர் வந்தார். நான் கண்ணை இன்னும் இறுக்கி மூடினேன். மாமா தம் கதையை ஆரம்பித்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றார், கொதிக்கிறது என்றார், அதனால்தான் அவசரத்தில் பெட்டி மாறி ஏறிவிட்டோம் என்றார். எனக்குக் காய்ச்சல் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அதற்கேற்றாற்போல் லேசாக முனகினேன்.

"சும்மா இருலே" என்று அம்மாவின் குரல் கேட்டது. "காய்ச்சல்லாம் ஒண்ணும் இல்ல சார். எங்ககிட்ட இருக்கது ஜெனரல் டிக்கெட்டுதான். அங்கன ஏற முடியல. நாளைக்குக் காலைல எனக்கு மெட்ராஸ்ல வேலைக்கு இன்டர்வியூ. அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி அங்கன மாறிக்கிடுதோம்."

அம்மா எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாள் என்று எனக்குக் கோபமாக வந்தது. "சங்கரன்கோவில்ல இறங்கிருங்கம்மா" என்று சொல்லிவிட்டு டிடிஆர் போய்விட்டார்.

சங்கரன்கோவிலில் ரயில் நின்றதும் மாமா என் தோளைத் தட்டினார். "ஏட்டி, எந்திரி. இறங்கணும்." நான் அசையவில்லை. யார் கூப்பிட்டாலும் முழிக்கக்கூடாது என்றவர் அவர்தானே, இது எனக்கு வைக்கிற சோதனை என்று எடுத்துக்கொண்டேன். உள்ளங்காலில் கிச்சுக்கிச்சு மூட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டேன். "தூங்கலட்டி நீ, எனக்குத் தெரியும், எந்திரி!" என்று கெஞ்சினார். நான் இறுகிக் கிடந்தேன். மாமா தம் யோசனையிலேயே மாட்டிக்கொண்டு தவிப்பதைப் பார்த்து அந்தப் பெண்மணி, "ஐயோ பாவம், அசந்து தூங்குது, விடுங்களேன்" என்றார். அதற்குள் ரயில் கிளம்பிவிட்டது.

டிடிஆர் திரும்பி வந்தார். அம்மா ஏதோ மன்னிப்புக் கேட்கப்போனாள். அவர் அதைக் காதில் வாங்காமல், "இன்டர்வியூ எத்தனை மணிக்கும்மா?" என்று கேட்டார். அம்மா சொன்னாள். நான் இமையிடுக்கில் பார்த்தேன், அவர் தம் கையிலிருந்த கருவியைத் தடவிக்கொண்டிருந்தார். "ராஜபாளையத்துல ரெண்டு பேர் ஏறணும். வரலைன்னா ஒரு பெர்த்தை, அந்தப் பக்கம் ஆர்ஏசில பாதி சீட்ல உக்காந்திருக்காரே பெரியவர், அவருக்குத்தான் குடுக்கணும். அவருக்குத்தான் முதல் உரிமை. இன்னொண்ணு மிஞ்சினா உங்களுக்கு எழுதித் தர்றேன். வந்துட்டாங்கன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

நான் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு என் பக்கம் எட்டிப் பார்த்தார் போலிருக்கிறது. மூச்சு முகத்தில் பட்டது. "பாப்பா அப்படியே முழிச்சுக்கிட்டுப் படுத்திருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பாவம், தூங்குகிறவர் யார், முழித்திருப்பவர் யார் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ராஜபாளையம் வந்தது. அம்மா என் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஆறுதல் சொல்லவா, தனக்குப் பிடிமானமாகவா, தெரியாது. மறுபடி இமையிடுக்கில் பார்த்தேன். பெரிய பெட்டியோடு ஒருவர் ஏறி, பெர்த் எண்களைப் படித்துக்கொண்டே எங்களை நோக்கி வந்தார். எங்களுக்கு நேரே நின்று மேலே பார்த்தார். அம்மாவின் விரல்கள் இறுகின. "இது எஸ் ஃபோரா?" என்று கேட்டார். "இல்ல, எஸ் ஃபைவ்!" என்று கீழ் பெர்த்துப் பெண்மணி போட்ட சத்தத்தில் அந்த மனிதர் பயந்தே போயிருப்பார். அடுத்த பெட்டிக்கு ஓடினார். வேறு யாரும் வரவில்லை.

டிடிஆர் வந்து பெரியவருக்கு ஒரு படுக்கையைக் காட்டினார். அம்மாவிடம் கூடுதல் கட்டணத்தை வாங்கிக்கொண்டு ரசீது எழுதினார். "அம்மாவும் பிள்ளையும் இதுல படுத்துக்கலாம். தம்பி, உங்களுக்கு இடம் இல்ல." எதற்கும் ஒரு யோசனை வைத்திருக்கும் மாமாவிடம் அப்போது மட்டும் எந்த யோசனையும் இல்லை. "சரி சார்" என்று இறங்கி, ஜெனரல் பெட்டியை நோக்கி ஓடினார்.

நான் கண்ணைத் திறந்தேன். இனித் தூங்குவது போல் நடிக்கத் தேவையில்லை என்பதால் எனக்குத் தூக்கம் வரவில்லை. கீழே அந்தப் பெண்மணி கசங்கிய புடவையைப் பையிலிருந்து எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இதையா நாளைக்குக் கட்டப்போறீங்க? குடுங்க இப்படி." புடவையை மடிப்பு மாறாமல் நீவி, தம் பெர்த்தின்மேல் விரித்து, அதன்மேல் போர்வையைப் போட்டார். "நான் படுத்து எந்திரிச்சா எந்த இஸ்திரிப்பெட்டியும் வேணாம். பாருங்க நீங்க." அம்மா சிரித்தாள். அன்றைக்கு அதுவரை அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. "நான் அப்ப சொன்னது உங்களை இல்லைங்க" என்றார் அவர். "நீங்க சொன்னது சரிதான்" என்றாள் அம்மா.

அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு போன அம்மாவுக்கு வேலை கிடைத்தது. கீழப்பாவூர்ப் பக்கத்து சுகாதார நிலையம் ஒன்றில் இன்றும் ரத்தம் எடுக்கிறாள். குழந்தைகள் அழாமல் ஊசி குத்துவதில் கெட்டிக்காரி என்று பேர். நானோ பல வருடம், என் நடிப்பால்தான் அம்மாவுக்கு அந்தப் படுக்கையும், அதன் வழியாக வேலையும் கிடைத்தது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அம்மா சொன்ன உண்மைக்கு அதில் பங்கு இருக்கலாம் என்று தோன்றவேயில்லை.

அந்தப் பயணத்தின் மறுநாள் காலையில் சென்னையில் இறங்கியபோது மாமா எங்களைத் தேடி வந்தார். கண் சிவந்திருந்தது, தலை கலைந்திருந்தது, ஆனால் வாய் நிறையச் சிரிப்பு.

"நல்லாத் தூங்கினேன்க்கா. ஏறினதும் இடம் கிடைச்சிட்டு."

"அங்கனயும் படுக்கை உண்டா மாமா?" என்று கேட்டேன்.

"பின்ன? உன் பெர்த்த விடப் பெருசு."

பையை எடுக்க அவர் குனிந்தபோது முதுகு தெரிந்தது. வெள்ளைச் சட்டையில், கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும், கதவோரக் கம்பியின் துரு ஒரு கோடாகப் பதிந்திருந்தது. அம்மா முந்தானையால் அதைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. கறை போகாததற்குத்தான் அம்மா அழுகிறாள் என்று நினைத்து, "விடும்மா, சோப்பு போட்டா போயிரும்" என்று சொல்லி அவளைத் தேற்றினேன்.