குழி வெட்டமாட்டேன் என்றவள்

என் நாத்தனாருக்குக் கல்யாணம் பேசியபோது, "குனிந்த தலை நிமிராத பெண்" என்று சொல்லித்தான் கொடுத்தோம். அதில் பொய் இல்லை. நடக்கும்போது அவள் தலை குனிந்துதான் இருக்கும். ஆனால் அது அடக்கத்தினால் அல்ல, தரையில் என்ன முளைத்திருக்கிறது என்று பார்க்கிற பழக்கத்தினால். மாப்பிள்ளை வீட்டுக்கு இது புரிய ஒரு வாரம்கூட ஆகவில்லை.

புருஷன் இறந்தபின் எங்களோடு வந்து இருந்துகொண்டாள். நான் பல்கலைக்கழகக் கேன்டீனில் வேலை பார்க்கிறேன். நான் சொல்லித்தான் அவளை அங்கே தோட்ட வேலைக்கு எடுத்தார்கள். பதினாறு வருடம் தற்காலிகப் பணியாளராகவே ஓடிவிட்டது. இந்த வருடம் நிரந்தரமாகிறவர்களின் பட்டியலில் அவள் பெயர் முதலில் இருந்தது. வளாகத்தில் எல்லோருக்கும் அவள் 'குனிஞ்சக்கா'.

நூலகத்துக்குப் பின்னால் நாற்பது ஏக்கர் நிலம் இருக்கிறது. அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கும் வரைபடத்தில் அதற்குப் பெயர் 'காலி இடம்'. கோடையில் பார்த்தால் நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள். காய்ந்த புல், கல், அங்கங்கே முள்.

ஆனால் வருடம் தவறாமல் தாவரவியல் பேராசிரியை மாணவர்களை அங்கே கூட்டிவருவார். ஒரு மீட்டர் அகலத்தில் சதுரமான கம்பிச் சட்டம் ஒன்றைத் தரையில் போட்டு, அதற்குள் என்னென்ன செடி இருக்கிறது என்று எண்ணி எழுதச் சொல்வார். சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போவது என் நாத்தனாரின் வேலை. முதல் வருடம் தூக்கினாள். மூன்றாம் வருடம், பிள்ளைகள் தப்பாக எண்ணினால் தொண்டையைச் செருமினாள். ஐந்தாம் வருடம் பேராசிரியையே, "முதல்ல அக்காகிட்ட கேட்டுட்டு எழுதுங்க" என்று விட்டுவிட்டார்.

அந்த நிலத்தில்தான் ஒரே நாளில் பத்தாயிரம் மரக்கன்று நடப்போகிறோம் என்று அறிவித்தார்கள். பெரிய மனிதர்கள் வருகிறார்கள், விழா, படம் எல்லாம் உண்டு. தோட்டக்காரர்கள் பதினான்கு பேருக்கும் குழி வெட்டும் வேலை. நான் டீ வாளியோடு போனபோது எல்லோரும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு நின்றாள்.

மேஸ்திரி கேட்டார். "என்னக்கா, இடுப்பு புடிச்சுக்கிச்சா?"

"இடுப்புக்கு ஒண்ணும் இல்ல. நான் வெட்டமாட்டேன்."

"மரம் நட மாட்டேன்னு சொன்ன மொத ஆளு உலகத்துலயே நீதான்."

"மரம் வேணாம்னு யாரு சொன்னா? இந்த எடத்துல வேணாங்கறேன். சோறு நல்லதுதான், அதுக்காகக் குழந்தை தூங்குற பாயில கொட்டுவாங்களா?"

விஷயம் காதுக்கு எட்டிப் பதிவாளரே காரில் வந்தார். பேராசிரியையும் ஓடிவந்தார். வந்தவர் பதிவாளருக்குப் பின்னால் நின்றுகொண்டு, என் நாத்தனாரிடம் மெல்லிய குரலில், "இங்க நட வேணாம்னு நான் ஆபீசுக்கு மூணு தடவ எழுதிட்டேன்மா. பதிலே வரல" என்றார்.

"நீங்க எழுதினீங்க டீச்சர். நான் நிக்கிறேன்."

அவள் தன் கருவிகளோடு வைத்திருந்த கம்பிச் சட்டத்தை எடுத்துப் பதிவாளரின் காலடியில் போட்டாள். "ஐயா, இதுக்குள்ள எத்தன செடி இருக்கு, எண்ணிச் சொல்லுங்க."

அவர் குனியவில்லை. "ஒண்ணு. காஞ்ச புல்லு."

அவள் மண்டியிட்டாள். விரலால் புல்லை விலக்கி விலக்கி, இது ஒன்று, இது ஒன்று என்று தொட்டுக் காட்டினாள். சில செடிக்குப் பேராசிரியை சொன்ன பெயர், சிலதற்கு அவளே வைத்த பெயர். பத்தொன்பது வந்தது. பக்கத்தில் கூழாங்கல் போல இரண்டு கிடந்தன. நான் காலை வைக்கப் போனேன், அவள் என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். முட்டைகள். தரையிலேயே முட்டையிடும் பறவையாம். மரம் வளர்ந்தால் நிழலில் இந்தப் புல் செத்துவிடும், கிளையில் பருந்து வந்து உட்காரும், அப்புறம் அந்தப் பறவைக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டாள்.

பதிவாளர், "கூலிக்கு வந்தவ எனக்குப் பாடம் எடுக்கிறா" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். ஏறும்போது மேஸ்திரியிடம், விழாவுக்கு முந்தின நாள் மன்னிப்புக் கடிதம் வரவேண்டும், வராவிட்டால் பட்டியலில் அவள் பெயர் இருக்காது என்றார். மற்ற பதின்மூன்று பேரில் இரண்டு பேர்தான் கடப்பாரையைக் கீழே வைத்தார்கள். பாக்கிப் பேரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. எல்லோருக்கும் வயிறு இருக்கிறது.

வீட்டில் நான்தான் சண்டை போட்டேன். மரம் வைப்பது புண்ணியம் என்று நம்பி வளர்ந்தவள் நான்.

"கடவுளுக்குப் பிடிச்ச காரியத்தப் போயி மாட்டேன்னுட்டு வந்திருக்கியேம்மா."

"மரத்தப் படைச்ச கடவுள், புல்ல மட்டும் கை தவறியா படைச்சாரு அண்ணி?"

 

அவள் மூன்றாம் வகுப்பு, நான் ஐந்தாம் வகுப்பு. அதனால் கடிதம் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. மன்னிப்புக் கடிதம் என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன். அவள் சொல்லச் சொல்ல எழுதியது இது:

"ஐயா, நான் குழி வெட்டாதது உண்மை. இந்த நிலத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது இந்தப் பல்கலைக்கழகம்தான். வகுப்பில் சொன்னது பொய் என்றால் வகுப்பை மூடுங்கள். உண்மை என்றால் குழியை மூடுங்கள். மன்னிப்புக் கேட்க என்னிடம் ஒன்றும் இல்லை."

கடைசியில் நானாகவே 'தாழ்மையுடன்' என்று ஒரு வார்த்தை சேர்த்தேன். அவள் எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்து அதை அடிக்கச் சொன்னாள். அடித்தேன்.

கடிதத்தை அலுவலகத்தில் கொடுக்குமுன் பேராசிரியையிடம் காட்டினாள். அவர் நின்றபடியே இரண்டு தடவை படித்தார். பிறகு துறை அலமாரியைத் திறந்து, பன்னிரண்டு வருடம் பிள்ளைகள் எண்ணி எழுதிய நோட்டுகளை எல்லாம் அள்ளிக்கொண்டு, துணைவேந்தரின் அறைக்கு நேராக நடந்தார். இந்தத் தடவை தபாலில் அனுப்பவில்லை. உள்ளே என்ன பேசினார்களோ, எனக்குத் தெரியாது. மறுநாள் விழா நடந்தது, படமும் எடுத்தார்கள். பத்தாயிரம் இல்லை, இடம் கொண்ட மட்டும் கன்றுகளை விடுதிச் சுவர் ஓரத்திலும் சாலை நெடுகிலும் வண்டி நிறுத்துமிடத்திலும் நட்டார்கள். அங்கே குழி வெட்டியவர்களில் என் நாத்தனாரும் ஒருத்தி. மேஸ்திரி எண்ணிப் பார்த்து, அன்றைக்கு அதிகக் குழி அவள் வெட்டியதுதான் என்றார். நாற்பது ஏக்கரில் ஏற்கெனவே வெட்டியிருந்த குழிகளை அந்தந்த மண்ணைக் கொண்டே மூடினார்கள். அலுவலக வரைபடத்தில் 'காலி இடம்' என்பதன்மேல் காகிதம் ஒட்டிப் 'புல்வெளி' என்று எழுதியிருக்கிறது.

பட்டியலில் அவள் பெயர் இல்லை. தோட்டத்திலிருந்து எடுத்து, நிர்வாகக் கட்டடத்தின் கழிப்பறை கழுவப் போட்டார்கள். பேராசிரியை இரண்டு முறை பேசிப் பார்த்தும் நடக்கவில்லை.

போன வாரம், அவள் என்னோடு டம்ளர் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில், அலுவலக எழுத்தர் கேன்டீனுக்கே வந்தார். நல்ல மனிதர். மன்னிப்புக் கடிதத்தைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தார்.

"படிக்கக்கூட வேணாம்க்கா. கீழ கையெழுத்துப் போட்டா அடுத்த பட்டியல்ல பேரு வந்துடும். ஒரு கையெழுத்துதானே."

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கினாள். வரிக்கு வரி விரல் வைத்துக் கடைசிவரை படித்தாள். பிறகு நாலாக மடித்து அவர் சட்டைப் பையிலேயே வைத்தாள்.

"நானும் அதத்தான் சொல்றேன் தம்பி. ஒரு கையெழுத்துதானே. அது இல்லாமப் பேரப் போடச் சொல்லுங்க."

எழுத்தர் என்னைப் பார்த்தார், நானாவது எடுத்துச் சொல்லுவேன் என்று. நான் அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தேன்.