உரச்சாக்கு அலசிய குளம்

மழை இல்லாத இந்த வாரங்களில் எங்கள் தாமான் குடியிருப்பின் ஏரி முழுக்கப் பச்சைப் பெயிண்ட் கொட்டியதுபோல் பாசி. நடக்க வருபவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். எனக்கோ அந்த நாற்றத்தில் அம்மா நினைவு வருகிறது. இது என்ன மனமோ.

என் சின்ன வயதில், கூலாய் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு அம்மா உரம் போடுவார். காலிச் சாக்குகளைக் குளத்தில் அலசிக் காயவைத்துத் தைத்தால் எங்களுக்குப் பாய். சாக்கின் மறுமுனையைப் பிடித்துப் பிழிவது என் வேலை. சில நாளில் குளம் பாசி படர்ந்து பச்சையாகிவிடும்.

"மண்ணு அப்படி லா. தண்ணிகூட செழிச்சிருக்கு பாரு," என்பார் அம்மா, பெருமையாக.

ஒரு காலையில் மீன்களெல்லாம் செத்து மிதந்தன. "எண்ணெய் ஆலைக்காரன் கழிவ விட்டுட்டான்," என்றார் பக்கத்து வீட்டு அக்கா. தோட்டமே ஆலையைத் திட்டியது. ஈரக் கையோடு அம்மாவும் திட்டினார், நானும் திட்டினேன். மீன்களைக் கொன்றது ஆலையா, எங்கள் சாக்கில் ஒட்டியிருந்த உரமா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

"யாரும்மா ஏரிய இப்படிப் பண்ணாங்க?" என்று இன்று ஏரிக்கரையில் கேட்டாள் என் மகள்.

ஆலைக்காரன் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். எங்கள் தாமான் பக்கம் ஆலையே கிடையாது.