சவப்பெட்டி செய்கிற வீட்டில் சிரிப்பு

கும்பகோணத்தில் எங்களுடையது சவப்பெட்டிக் கடை. வருகிறவர்களை வாய்நிறைய "வாங்க" என்று கூப்பிடவும் முடியாது, போகிறவர்களிடம் "போயிட்டு வாங்க" என்று சொல்லவும் கூடாது. என் வீட்டுக்காரர் சூசை பலகை அறுத்துப் பெட்டி அடிப்பார். உள்ளே வெள்ளைத் துணி தைத்து, ஓரத்துக்கு லேஸ் வைத்து, மூடியில் சிலுவை ஒட்டுவது நான். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கூரையடியில் வேலையும் பார்த்துச் சண்டையும் போடுகிற உங்களில் பலருக்கு என் பாடு புரியும். எங்களுக்குக் கூடுதலாக ஒரு கஷ்டம், பகல் முழுக்க முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

பெண் பார்த்த அன்று

பாபநாசத்தில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள். காபி கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். "பொண்ணு எப்படி தம்பி?" என்று அப்பா கேட்டார். பயந்துபோயிருந்த சூசைக்குத் தொழில் புத்திதான் முன்னால் வந்தது. "அஞ்சடி ரெண்டங்குலம், தோள் பதினாலு" என்றார்.

அவருடைய அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். என் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேவிட்டார். கதவுக்குப் பின்னால் இருந்த எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. அடக்க அடக்க இன்னும் சத்தமாக வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அத்தை என்னை எட்டிப் பார்த்துவிட்டுக் கூடத்தில் போய்ச் சொன்னார்: "அவ சிரிச்சிட்டாண்ணே. இனிமே கேக்குறதுக்கு என்ன இருக்கு, தட்டை மாத்துங்க."

பஞ்சு

தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் முளைத்த வருஷங்கள் அவை. பிள்ளைகள் துபாயிலும் மஸ்கட்டிலும் இருப்பார்கள், பெற்றவர்கள் இங்கே சாவார்கள். வந்துபோகிறவர்கள் பேசியதை மத்தியானச் சாப்பாட்டின்போது சூசை அப்படியே நடித்துக் காட்டுவார். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. சிரிக்காவிட்டால் எங்களுக்குச் சோறு இறங்காது.

ஒருவரை மட்டும் அவர் நடித்துக் காட்டியதே இல்லை. துபாயிலிருந்து அப்பாவின் அடக்கத்துக்குப் பறந்து வந்தவர். பெட்டிக்குள் கையைவிட்டு அழுத்திப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் பஞ்சு வையுங்கக்கா" என்றார். வைத்தேன். மறுபடியும் அழுத்திப் பார்த்தார். சூசை எழுந்து போய் எங்கள் தலையணையையே பிரித்துக் கொண்டுவந்து கொடுத்தார். அப்போது அந்தப் பிள்ளை சொன்னது: "மெத்துனு இருக்கட்டும்க்கா. அப்பாவுக்கு முதுகு வலி. மெத்தை வாங்கித் தர்றேன்னு மூணு வருஷமா போன்ல சொல்லிக்கிட்டே இருந்தேன்."

நாலு விரல்

எங்கள் மகள் ஜெனி நாலு வயதில், மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். எங்கள் கடையில் வெகுகாலமாக இழைப்புளி பிடிக்கிற மருதமுத்து அண்ணன், "நீ உட்காருப்பா, நான் செய்றேன்" என்று எவ்வளவோ சொன்னார். சூசை கேட்கவில்லை. தானே அறுத்தார், தானே இழைத்தார். துணியை நான் தைத்தேன். எப்படித் தைத்தேன் என்று கேட்காதீர்கள்.

பிள்ளையைப் படுக்க வைத்தால் கால் பக்கம் இடம் மிச்சமிருக்கிறது. அளவில் ஒரு நூல் பிசகாத கை அது. அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும் என்று அவளுடைய பாவாடையை நான் நீளம் கூட்டித் தைப்பேனே, அது மாதிரி இருந்தது. அவர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "நம்ம புள்ளைக்குப் போயா தப்புப் பண்ணுவீங்க?" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். மருதமுத்து அண்ணன் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "திட்டாத தங்கச்சி. நாலு விரல் கூடப் போயிடுச்சு. வளர்ற புள்ளதானேன்னு கை தானா போட்டிருக்கு."

அளவு மட்டும் பேசிய வீடு

அதற்கப்புறம் இரண்டு வருஷம் எங்களுக்குள் அளவைத் தவிர வேறு பேச்சில்லை. "அஞ்சே முக்கால்." "சரி." நடித்துக் காட்டுவது நின்றுபோனது. பக்கத்து வீட்டு டிவியில் யாராவது சிரித்தால் எழுந்து ஜன்னலைச் சாத்துவேன். சிரித்தால் பிள்ளையை மறந்துவிட்டதாக ஆகிவிடும் என்று எனக்குப் பயம். அவருக்கும் அதே பயம் இருந்தது எனக்குத் தெரியாது.

ஒருநாள் சட்டை துவைக்கும்போது பையில் அவருடைய பாஸ்போர்ட் போட்டோ இருந்தது. சவுதியில் தச்சு வேலை, தஞ்சாவூர் ஏஜென்ட் மூலம் என்று மருதமுத்து அண்ணன் சொல்லித்தான் தெரிந்தது. போகாதீங்க என்று சொல்ல வாய் வரவில்லை. இந்த மனுஷர் போனால் திரும்பி வரமாட்டார் என்று மட்டும் மனசுக்குத் தெரிந்தது. கையெழுத்து வாங்க வந்த ஏஜென்ட் தம்பி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெளிநாடு போறவங்க வீட்ல அழுகைச் சத்தம் கேட்கும்ணே. இங்க ஒரு சத்தமும் இல்லையே."

வாத்தியார் படுத்துப் பார்த்தார்

விசாவுக்குக் காத்திருந்த நாளில், ரிட்டயரான வாத்தியார் ஒருவரும் அவர் மனைவியும் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார்கள். பிள்ளைகள் கனடாவில். அவர்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று தங்களுக்கு இரண்டு பெட்டி இப்போதே சொல்லி வைக்க வேண்டுமாம். வாத்தியார் செருப்பைக் கழற்றினார், கண்ணாடியைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார், நீளம் சரியா என்று பெட்டிக்குள் ஏறிப் படுத்தார். அந்த அம்மாள் என்னிடம் லேஸ் விசாரித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் பெட்டிக்குள்ளிருந்து குறட்டை கேட்டது.

அந்த அம்மாள் அவரைப் பிடித்து உலுக்கினார். வாத்தியார் புரண்டு படுத்தார். அந்த அம்மாள் நிமிர்ந்து எங்களிடம் சொன்னார்: "கடைசி நாள்ல செத்தவங்களை எழுப்ப எக்காளம் ஊதினாலும் இந்த மனுஷனை நான்தான் எழுப்பணும். என் பெட்டியை இவர் பக்கத்துலேயே வைக்கச் சொல்லிடுங்க, தம்பி."

பாஸ்போர்ட்

சூசையைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். அவருடைய உதடு துடித்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும் வந்துவிட்டது. அவர்கள் பஸ் ஏறிப் போன பிறகும் மரத்தூளில் உட்கார்ந்து சிரித்தோம். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை. "ஜெனி இருந்திருந்தா இந்நேரம் அந்தக் குறட்டையை அப்படியே விட்டுக் காட்டியிருப்பா மேரி" என்றார். இரண்டு வருஷத்தில் அவள் பேரை அன்றைக்குத்தான் சொன்னார். "உங்க வாய்தானே அவளுக்கு" என்றேன். அன்று பொழுது சாயும்வரை அவளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

விசா வந்தது. ஏஜென்ட் தம்பியிடம் சூசை, "போகலப்பா. வீட்ல இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கோம்" என்றார். அந்தத் தம்பி எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "வேலை வேண்டாங்கிறதுக்கு இப்படி ஒரு காரணத்தை நான் கேட்டதே இல்லண்ணே."

துக்கத்துக்கு வருகிறவர்கள் முன்னால் பல்லைக் காட்ட முடியாத தொழில் என்பதால் இப்போதெல்லாம் நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டுதான் சிரிக்கிறோம். பாதி நாள், கதவைத் திறப்பதற்கு முன்னால் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.