மிஸ்ஸி எடுத்த குதிரைத் தலை

மிஸ்ஸி முதன்முதலாக என் ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்த படத்தில் ஒன்றுமே இருக்கவில்லை. கம்பியூட்டரில் திறந்தபோது திரை முழுக்கக் கறுப்பு. லென்ஸ் மூடியைக் கழற்றாமல் எடுத்துவிட்டாராக்கும் என்று நினைத்து, "இதில படமே விழல்லயே மிஸ்ஸி" என்றேன். கதிரையின் நுனியில், வேலை முடிந்த வெள்ளைச் சீருடையோடு உட்கார்ந்திருந்த அவர் சிரித்தார். "விழுந்திரிக்கு நானா. இருட்டுக்குள்ள இரிக்கு. அத இழுத்தெடுக்கத்தான் உங்களிட்ட வந்தன்."

எங்கள் பக்கத்தில் தாதிமாரை மிஸ்ஸி என்றும், முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றும்தான் கூப்பிடுவோம். அவர் கற்பிட்டிப் பக்கத்து மீன்பிடிக் கிராமம் ஒன்றின் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். ஏறக்குறைய என் வயதுதான். என் உம்மா நீரிழிவுப் புண்ணோடு வார்ட்டில் கிடந்த மூன்று கிழமையும் முகம் சுளிக்காமல் கட்டுப் போட்டவர். அந்தப் பழக்கத்தில்தான் புத்தளம் டவுனில் இருந்த என் கடையைத் தேடி வந்தார். நாட்டில் சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கற்பிட்டிக் கடலில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் சறுக்கி விளையாட வெள்ளைக்காரர் வரத் தொடங்கியிருந்த காலம். அப்படி வந்த ஒருவர் ஊர் திரும்பும்போது கைவிட்டுப்போன பழைய கமரா ஒன்று மிஸ்ஸியின் கைக்கு வந்திருந்தது. அதைக் கொண்டு அவர் கடலை எடுக்கவில்லை, வானத்தை எடுத்தார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "வார்ட்டில நிமிசத்துக்கு ஒருக்கா யாராவது கூப்பிடுவாங்க. வானம் கூப்பிடுறல்ல நானா. நாமதான் பொறுத்திரிக்கோணும்" என்றார்.

கற்பிட்டிப் பக்கம் அனல்மின் நிலையத்து வெளிச்சம் வானத்தில் ஏறிவிடும். அதனால் ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் எலுவன்குளத்திலிருந்த அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவார். காட்டோரத்து வீடு. யானை வந்தால் கொளுத்துவதற்கு வெடியோடு அத்தான் வாசற்படியில் குந்தியிருக்க, மிஸ்ஸி முற்றத்தில் கமராவோடு இருப்பார். படகு எஞ்சின் திருத்துகிற ஒருவரைக் கொண்டு, இரண்டு பலகையும் கீலும் சின்ன மோட்டாரும் வைத்து ஒரு பொறி செய்வித்திருந்தார். வானம் நகரும் வேகத்துக்கு அது கமராவையும் நகர்த்தும். வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்புப்பட்டிக்குக் கீழே, மங்கலான சிவப்பு முகிலுக்கு முன்னால், குதிரைத் தலை வடிவில் ஒரு கறுப்புத் தூசித் திரள் இருக்கிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. மழை விட்ட இரண்டு பருவங்களாக அந்த ஒரே இடத்தை நானூறு தடவைக்கு மேல் எடுத்து, ஒவ்வொரு இரவின் நேரத்தையும் பனியையும் கொப்பியில் குறித்து வைத்திருந்தார். ஹார்ட் டிஸ்க் ஒன்றில் அத்தனையையும் கொண்டுவந்து என்னிடம் தந்தார்.

அவர் கேட்டது இரண்டு வேலை. முதலாவது, நானூறு படங்களையும் நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் பொருத்தி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுப்பது. கமராவின் புள்ளியும் இரைச்சலும் படத்துக்குப் படம் மாறும், வானம் மாறாது. அடுக்க அடுக்க மாறுவது தேய்ந்து மாறாதது மிஞ்சும். இரண்டாவது, ஸ்ட்ரெச் என்று சொல்லப்படுகிற இழுவை. வானத்திலிருந்து வந்த வெளிச்சமெல்லாம் கறுப்பின் ஓரத்தில் ஒரு மயிரளவு இடத்துக்குள் நெருங்கிக் கிடக்கும். நட்சத்திரங்கள் வெந்து போகாமல் அந்த மயிரளவை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாக்க வேண்டும். இதற்கென்றே தனி மென்பொருள்கள் இருக்கின்றன, சில இலவசமாகவே கிடைக்கின்றன என்று மிஸ்ஸிதான் எனக்குச் சொன்னார். அவருடைய பழைய லப்டொப்பில் அவை ஓடவில்லை. டிஸ்க்கில் வேறு இரண்டு கோப்புறைகளும் இருந்தன. ஒன்றில் லென்ஸை மூடியபடி எடுத்த படங்கள். மற்றதில் லென்ஸின் மேல் வெள்ளைத் துணி கட்டி விடிகாலை வெளிச்சத்தில் எடுத்தவை. "இதுகளையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கோணுமாம். கமராவின்ட குறையெல்லாம் கழிஞ்சுபோகுமாம்" என்றார். நான் ஓம் ஓம் என்றேன். அந்தக் கோப்புறைகளை நான் திறக்கவே இல்லை.

நான் கல்யாணப் படக்காரன். மணமகளின் முகத்தில் பருவை அழிப்பதும், நிறத்தைக் கூட்டுவதும், மழை நாளில் எடுத்த படத்துக்கு நீல வானம் வைப்பதும் என் தொழில். யாரும் அதைப் பொய் என்று சொன்னதில்லை. "வடிவாச் செஞ்சிரிக்கிறீங்க" என்றுதான் சொன்னார்கள். வானத்து வேலைக்கான மென்பொருளை இறக்கிப் பார்த்தேன். அதன் சொற்கள் ஒன்றும் பிடிபடவில்லை, மூடிவிட்டேன். எனக்குத் தெரிந்த கல்யாண மென்பொருளிலேயே நாற்பது படத்தை மட்டும் அடுக்கி, ஒரேயடியாக வெளிச்சத்தை இழுத்தேன். நட்சத்திரங்கள் சுண்ணாம்புப் பொட்டுகளாக ஊதின. கறுப்பெல்லாம் சிவப்பும் பச்சையுமான புழுதி. புழுதியை அடக்க, மணமகள் முகத்தை வழவழப்பாக்கப் போடும் மெழுகை வானத்துக்கும் போட்டேன். குதிரை வரவில்லை. அந்த இடத்தில் ஒரு கறை மட்டும் தெரிந்தது.

மிஸ்ஸி இரண்டு தடவை வந்து, "வந்திச்சா நானா?" என்று கேட்டுப் போனார். கொழும்பில் வானியல் ஆர்வலர் சங்கம் ஒன்று படப் போட்டி வைத்திருந்தது. முடிவுத் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது தடவை அவருக்கு என்ன சொல்வது என்ற வெட்கத்தில், இணையத்தில் கிடந்த யாரோ ஒருவருடைய குதிரைத் தலையை எடுத்து, அளவைச் சரிசெய்து, மிஸ்ஸியின் கறைக்கு மேல் மெல்லியதாகப் படியவைத்தேன். அதில் வந்த நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக அழித்தேன். ஒரு மணமகளின் கழுத்து மாலையைத் திருத்துவதைவிடக் குறைந்த நேரமே எடுத்தது.

படத்தைக் கண்ட மிஸ்ஸி வாயைப் பொத்திக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. "இது என்ட கமராவுக்குள்ள இருந்திச்சா?" என்றார். இருந்தது என்றேன்.

போட்டிக்கு அவர் பெயரில் அனுப்பினார். ஒரு மாதத்துக்குப் பிறகு, என் கடையில் ஒரு கல்யாண வீட்டார் அல்பம் தெரிவு செய்துகொண்டிருந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது. நடுவர்கள் மூலப் படங்களோடு நேரில் வரச் சொல்கிறார்கள், ஏதோ சந்தேகமாம். "நானா, அதில வேற ஏதும் சேர்த்தீங்களா?" குரலில் குற்றச்சாட்டு இருக்கவில்லை. சேர்த்தேன் என்று சொல்லியிருந்தால் படத்தை மீளப் பெற்றுக்கொண்டிருப்பார், அவ்வளவோடு முடிந்திருக்கும். ஆனால் எதிரே கல்யாண வீட்டார் இருந்தார்கள். தொண்ணூறில் மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு விரட்டப்பட்டு வந்து, அகதிக் கொட்டிலில் வளர்ந்து, நான் சொந்தமாக எழுப்பிய ஒரே பெயர் அந்தக் கடையின் பெயர். "இல்ல மிஸ்ஸி. எல்லாம் சொஃப்ட்வெயார் இழுத்தெடுத்ததுதான்" என்றேன். "அப்ப சரி. நான் போய்ச் சொல்றன்" என்றார்.

லீவு போட்டு, ஹார்ட் டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு கொழும்புக்குப் போனார். அங்கே நடந்ததைத் திரும்பி வந்து என்னிடம் நின்றபடியே சொன்னார். மூன்று நடுவர்களுக்கு முன்னால் நான் சொன்னதையே அவரும் சொல்லியிருக்கிறார். ஒருவர் படத்தைப் பெரிதாக்கி, குதிரையின் காதருகே ஒரு சின்ன நட்சத்திரத்தைக் காட்டினாராம். நான் அழிக்க மறந்தது. அதைச் சுற்றி நாலு பக்கமும் சிலுவைபோல ஒளிக்கீற்று இருந்தது. கண்ணாடி வைத்த பெரிய தொலைநோக்கியில்தான் அது வரும். மிஸ்ஸியின் லென்ஸில் வராது. படத்திலிருந்த வேறெந்த நட்சத்திரத்துக்கும் அது இல்லை. "தங்கச்சி, இது உங்கட படமில்லையே" என்று அந்த நடுவர் மெதுவாகத்தான் சொன்னாராம்.

"அவங்க ஏசியிருந்தாலும் பரவாயில்ல நானா," என்றார் மிஸ்ஸி. "நான் அங்க நிண்டு உங்கட வாயால கதைச்சன்."

நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. மிஸ்ஸி திரும்பிப் போய்விட்டார். சங்கத்தின் பேஸ்புக் பக்கத்தில், பிறருடைய படத்தைக் கலந்ததால் நீக்கப்பட்டது என்று அவருடைய பெயரோடு போட்டார்கள். ஆஸ்பத்திரியில் அது கைக்குக் கை போனது. "மிஸ்ஸி, இண்டைக்கு நட்சத்திரம் எங்கயிருந்து களவெடுத்தது?" என்று ஒருவர் வார்ட்டிலேயே கேட்டதாக அறிந்தேன். என் வாடிக்கையாளர் ஒருவர் கடைக்கு வந்து, "நீங்கதானே அந்தப் படத்தச் செஞ்சது?" என்று விசாரித்தார். "அவங்க தந்தத பிரிண்ட் போட்டுக் குடுத்தன், அவ்வளவுதான்" என்றேன். மிஸ்ஸி என் பெயரை யாரிடமும் சொல்லவில்லை என்பது, அதற்குப் பிறகு வேறு யாரும் வந்து கேட்காததிலிருந்தே விளங்கியது. அடுத்த வருடம் சிலாபத்துக்கு மாற்றம் வாங்கிக்கொண்டு போனார். கமராவை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அவருடைய படங்களின் பிரதி என் கம்பியூட்டரில் கிடந்தது. அழிக்கவும் மனம் வரவில்லை, திறக்கவும் துணியவில்லை. கொரோனா வந்து கல்யாணங்கள் நின்று, ஊரடங்கில் கடை பூட்டிக் கிடந்த நாட்களில்தான் திறந்தேன். அந்த இலவச மென்பொருளை மறுபடி இறக்கி, இம்முறை வழிகாட்டியை முதல் வரியிலிருந்து படித்தேன். மூடி போட்டு எடுத்த படங்கள் எதற்கென்று அப்போதுதான் தெரிந்தது. கமரா தன் சூட்டில் தானே உண்டாக்கும் புள்ளிகளின் பதிவு அவை. அதைக் கழிக்க வேண்டும். வெள்ளைத் துணிப் படங்கள் லென்ஸின் தூசியையும் ஓர இருட்டையும் காட்டுபவை. அதனால் வகுக்க வேண்டும். ஒரு தாதி மருந்தளவு பார்ப்பதுபோல, ஒவ்வொரு இரவுக்கும் தனித்தனியாக எடுத்து வைத்திருந்தார். நானூறையும் அடுக்கக் கம்பியூட்டருக்கு ஒரு முழுப் பகல் பிடித்தது. முடிவில் வந்ததும் கறுப்புத்தான். அதைக் கொஞ்சம் இழுத்தேன், நிறுத்தினேன். பின்புலத்தைச் சமப்படுத்தி இன்னும் கொஞ்சம் இழுத்தேன். ஏழாவது எட்டாவது இழுவையில் மங்கலான செம்மை எழுந்தது. அதற்கு நடுவே, தலையைத் தாழ்த்தியபடி, சின்னதாக, தெளிவாகக் குதிரை நின்றது.

நான் ஒட்டியதைப்போல மினுக்கம் இல்லை. ஆனால் அது அங்கேயே இருந்தது. அவர் முதல்நாள் சொன்னதுபோலவே இருட்டுக்குள் இருந்தது. நான் களவெடுத்த அந்தப் பின்னேரமும் அதே டிஸ்க்கில், என் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருந்தால் போதும். அன்று நான் அழுதேன். என் மனுசி வந்து என்னவென்று கேட்டதற்கு அவளிடமும் முதன்முறையாக முழுக்கச் சொன்னேன். "எனக்கிட்டச் சொல்லி என்ன? அவங்களுக்கிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றாள்.

அதற்கும் எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் தேவைப்பட்டது. சிலாபத்தில் அவர் வீட்டைக் கண்டுபிடித்து, ஒரு ஞாயிறு பின்னேரம் போனேன். அவர் தலையில் நரை விழுந்திருந்தது. வாங்க என்று உட்காரச் சொன்னார். பிரிண்ட் செய்து கொண்டுபோயிருந்த படத்தை நீட்டுவதற்கு முன்னால், சொல்ல வேண்டியதைச் சொன்னேன். எங்கிருந்து எடுத்தேன், எப்படிப் படியவைத்தேன், போனில் ஏன் பொய் சொன்னேன் எல்லாம். பிறகு அவர் படத்தை வாங்கி, யன்னலடிக்குப் போய் நெடுநேரம் பார்த்தார்.

"வடிவா இரிக்கு."

"இது முழுக்க உங்கட படம் மிஸ்ஸி. ஒண்டும் சேர்க்கல்ல. அல்லாஹ்வின் மேல சத்தியம்."

"அண்டைக்கும் இதத்தான் சொன்னீங்க நானா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நோயாளிக்கு உள்ளதைச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். "நம்பத்தான் எனக்கும் விருப்பம். ஏலாம இரிக்கு." படத்தை என்னிடமே திருப்பித் தந்தார். "என்ட டிஸ்க் எப்பவோ பழுதாப் போச்சு. நீங்க தொடாதது இரிக்கா?"

ஓம் என்றேன். மூலப் படங்கள் அத்தனையும் ஒரு புது டிஸ்க்கில் என் பையில் இருந்தன. அதை வாங்கிக்கொண்டார். மென்பொருளின் பெயரை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். எப்படிச் செய்வதென்று காட்டித்தரவா என்று கேட்டேன். "வேணாம். நானே பார்க்கிறன்" என்றார். சங்கத்துக்கு உண்மையை எழுதுகிறேன் என்றேன். "எழுதுங்க. அது உங்கட வேலை" என்றார். தேத்தண்ணி தந்தார். குடித்துவிட்டு வந்தேன்.

சங்கத்துக்கு எழுதினேன். அந்தப் பேஸ்புக் பக்கத்தை இப்போது யாரும் நடத்துவதில்லை. என் கடிதத்தை ஒருவரும் திறந்ததாகத் தெரியவில்லை. மிஸ்ஸியின் பெயரோடு போட்ட அறிவிப்பு மட்டும் இன்னும் அங்கே இருக்கிறது. அவர் அந்த டிஸ்க்கைத் திறந்தாரா, தன் கையால் இழுத்துப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் உரிமையும் எனக்கில்லை. எழுதுவது என் வேலை என்று அவர் சொன்னதால் இங்கே எழுதுகிறேன். அந்தக் குதிரையை ஒட்டியவன் நான். மிஸ்ஸி எடுத்தது அசல்.