பல்லுக்குச் சுண்ணாம்பு

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மசாலா ஏற்றுமதிக் கம்பெனியில் சரக்கின் தரம் பார்ப்பது என் வேலை. மிளகைக் கடித்துப் பார்ப்பேன், ஏலக்காயைப் பிளந்து பார்ப்பேன், சுக்கை வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்ப்பேன். சுக்கு விஷயத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாங்குகிறவர்களில் சிலருக்கு அது வெள்ளையாக இருந்தால்தான் பிடிக்கும். அவர்களுக்காக இஞ்சியைச் சுண்ணாம்பு நீரில் முக்கி, வெயிலில் காயவைத்து, மறுபடி முக்கி, வெள்ளை வெளேரென்று ஆக்குவார்கள். இதையெல்லாம் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் விவரித்திருக்கிறேன். யாரும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் மட்டும் வாங்கியிருக்கிறாள்.

அவளுக்குத் தன் பல் மஞ்சள் என்று கவலை. போன் கேமரா பல்லைத் தானாகவே வெளுத்துக் காட்டியது. கண்ணாடி அந்த உதவியைச் செய்யவில்லை. பள்ளியில் வகுப்புப் படம் எடுக்கும் நாள் நெருங்க நெருங்க, வாயைத் திறக்காமல் சிரிக்கப் பழகிக்கொண்டிருந்தாள். பார்ப்பதற்குக் கொட்டாவியை அடக்குவதுபோல் இருக்கும். அந்தப் படம் காலத்துக்கும் இருக்கும், அதில் மஞ்சள் பல்லோடு நிற்க மாட்டேன் என்பது அவள் பிடிவாதம். பல் வெளுக்கும் ஜெல் ஒன்றை இணையத்தில் பார்த்து, வாங்கித் தரச் சொன்னாள்.

"யாரு செஞ்சதோ, அதில என்ன இருக்கோ. ஈறு வெந்து போகும்" என்றேன்.

"அம்மாவுக்கு ஆட்டோவில ஏறினாலும் பயம், இறங்கினாலும் பயம்."

பேச்சு அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

படத்துக்கு முந்தின நாள் ஞாயிறு. ஞாயிறு மதியம் சாப்பிட்டதும் என் கணவர் வெற்றிலை போடுவார். அன்று வெற்றிலையை மடியில் வைத்துக்கொண்டு, "என் சுண்ணாம்பு டப்பா எங்கே?" என்று கேட்டார்.

"சுக்கு வெளுக்க நானா கொண்டுபோனேன்?" என்றேன் பாத்திரம் கழுவியபடி.

அப்போது குளியலறையிலிருந்து "அம்மா" என்று குரல் வந்தது. என் மகள் என்னைக் கூப்பிடும்போது அதில் எப்போதும் ஒரு அதிகாரம் இருக்கும். இதில் இல்லை. ஓடினேன். உதடும் பல்லும் ஈறும் வெள்ளையடித்தது பாதியில் நின்றுபோன சுவர்போல் இருந்தன. கண்ணில் நீர் கொட்டியது.

"எரியறது."

குழாயை முழுக்கத் திறந்துவிட்டேன். தண்ணீரை வாயில் விட்டுக் கொப்பளிக்கச் சொன்னேன், துப்பச் சொன்னேன், மறுபடி கொப்பளிக்கச் சொன்னேன். கல்லூரியில் வேதியியல் படித்த என் கணவர் ஊறுகாய்க்கு வைத்திருந்த வினிகர் பாட்டிலோடு வந்து நின்றார்.

"சுண்ணாம்பு காரமாக்கும். அமிலம் விட்டா சமன் ஆயிடும்."

"நீங்க முதல்ல வெளியில போங்கோ."

வெளியில் போனார், ஆட்டோ பிடிக்கத்தான். ஞாயிறும் திறந்திருக்கும் பல் ஆஸ்பத்திரி தோப்பும்படி என்ற பக்கத்து ஊரில் இருந்தது. வழி முழுவதும் இனி இவளுக்குப் பல்லே இருக்காது என்று நினைத்து, பதினைந்து வயதில் பல்செட் வைப்பார்களா என்றுகூட யோசித்துவிட்டேன். மகள் ஈரத்துண்டை வாயில் வைத்தபடி சாய்ந்திருந்தாள். கணவர் ஆட்டோவை விட்டு இறங்கும்போதுதான் கவனித்தேன், கையில் இன்னும் வினிகர் பாட்டில்.

டாக்டரம்மா மலையாளி. தமிழர்கள் என்று தெரிந்ததும் மலையாளத்தோடு தமிழைக் கலந்து பேசினார். விளக்கைத் திருப்பி நிதானமாகப் பார்த்துவிட்டு, "இது ஆரு சொல்லித் தந்தது, மோளே?" என்று கேட்டார்.

மகள் விரலை என் பக்கம் நீட்டினாள்.

சுக்குக் கதையை நான் சொல்லவேண்டி வந்தது. டாக்டரம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"சுக்கு செத்ததாக்கும். அதுக்கு என்ன செஞ்சாலும் வலிக்காது. பல்லுக்கு உயிர் உண்டு, ஈறுக்கு அதிலும் கூடுதல்."

"பல்லு போயிடுமா டாக்டர்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"பல்லு பத்திரம். உடனே கழுவினது நல்லதாச்சு. உதடும் ஈறும் கொஞ்சம் பொள்ளியிருக்கு, ஆறிடும்." பிறகு பாட்டிலைப் பார்த்தார். "அது எதுக்கு?"

"சும்மா" என்றார் என் கணவர்.

மகள் துண்டை விலக்கி, "அப்போ மஞ்சள்?" என்றாள். இவ்வளவுக்குப் பிறகும் அதுதான் கேள்வி.

"பால்பல்லுதான் நல்ல வெள்ளை. முளைச்சு வர்ற பெரிய பல்லு இந்த நிறம்தான். மேல் ஓடு கண்ணாடிபோல, உள்ளே இருக்கிற மஞ்சள் வெளியே தெரியும். கரி, எலுமிச்சை, சோடாப்பொடின்னு எதை வச்சுத் தேய்ச்சாலும் அந்த ஓடுதான் தேயும். தேய்ஞ்சது பின்னே வராது. புண் ஆறினதும் வா, சாயாக் கறையைச் சுத்தம் செய்து தரேன். வெளுக்கணும்னா வயசு வரட்டும். அப்பவும் இங்கே வந்து, நான் பார்த்து."

பூச ஒரு மருந்து தந்தார். உறைப்பும் புளிப்பும் சூடும் கூடாது என்றார்.

மறுநாள் காலையில் உதடு வீங்கியிருந்தது. பள்ளிக்குப் போகவேண்டாம் என்று கெஞ்சினேன். போய்த்தான் ஆவேன் என்றாள். சாயங்காலம் வந்தவளிடம், "வாயை மூடிண்டுதானே நின்னே?" என்று கேட்டேன்.

"எங்கே மூடறது? உதடு ஈறில பட்டா எரியறது. வாயைத் திறந்து வச்சுண்டே நின்னேன். போட்டோ எடுத்த சேட்டன், எல்லாரும் இந்தக் குட்டியைப் போலச் சிரிக்கணும்னார்."

படம் வந்தது. மூன்று வரிசையில் அத்தனை பல்லையும் காட்டிக்கொண்டு நிற்பது அவள் ஒருத்திதான். போனில் அதை விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள். நான் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்னோட உதட்டைப் பாரும்மா, தவளைபோல" என்றாள். பல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இன்றும் குளியலறையில் குழாய்ச் சத்தம் சற்று நீண்டால் நான் கதவருகே போய் நின்றுவிடுகிறேன். உள்ளிருந்து, "பல்லு தேய்க்கறேன்மா, வெறும் பேஸ்ட்" என்று குரல் வரும். என் கணவர் வெற்றிலையை விட்டுவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் நான் இப்போது மிளகைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.